துடைத்தாலும் வராதது

ஆகஸ்ட் 3

அண்ணா,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்த பிறகும் பதினோரு தடவை அடித்துப் பார்த்தேன். அதனால்தான் கடிதம். போனைப் போல இதை நீ பாதியில் வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும். அந்த நாலு வரியை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

உன் ஈறில் இருக்கிற வெள்ளைத் திட்டு, பாப்பாவுக்கு வந்த பூஞ்சை இல்லை. நான் கொடுத்த சொட்டு மருந்து அதற்கான மருந்தே இல்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். இந்த வாரமே ஒரு பல் டாக்டரிடம் போ.

இனி நீ கிழித்தாலும் பரவாயில்லை.

நேற்று பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி. ஊசி போட்டு முடித்து அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டே, பேச்சுவாக்கில் குழந்தை டாக்டரிடம் கேட்டேன்: "எங்க அண்ணனுக்கும் இதே மாதிரி வெள்ளை இருக்கு டாக்டர், ஏழு மாசமா அந்தச் சொட்டு மருந்து போட்டும் போகலை." அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, ஜனவரியிலேயே சொன்னேனே. துடைச்சா வந்துடுறது பூஞ்சை. துடைச்சாலும் வராதது வேற கதை. ரெண்டு வாரத்துக்கு மேல நிக்கிற வெள்ளையைப் பல் டாக்டர் பார்த்தே ஆகணும். ஏழு மாசமா!"

அந்த "ஏழு மாசமா" இன்னும் காதில் நிற்கிறது.

ஜனவரியில் நீ வந்திருந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்கும். பாப்பாவுக்கு அப்போது இரண்டு மாதம். ஈறிலும் நாக்கிலும் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை. டாக்டர் ஈரத்துணியை விரலில் சுற்றி ஒரு தேய் தேய்த்தார், கையோடு வந்துவிட்டது. ஒரு வாரம் சொட்டு மருந்து போட்டதும் வாய் பளிச்சென்று ஆனது. நீ அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும்தான் இந்த மாதிரி ஒண்ணு இருக்கு, நானும் உனக்குக் குழந்தைதானே" என்று உதட்டை இழுத்துக் காட்டினாய். கீழ் வரிசை, இடது பக்கம், கன்னம் ஈறைத் தொடுகிற இடம். கட்டைவிரல் நகம் அளவு. போன் வெளிச்சத்தில் பார்த்தேன், துணியால் துடைத்தேன், கொஞ்சம் வருகிற மாதிரி இருந்தது. மிச்சமிருந்த மருந்தை உன் பையில் வைத்து அனுப்பினேன். டாக்டர் அந்த இரண்டாவது பாதியைச் சொன்னபோது பாப்பா வீரிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். என் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

ஜூனில் நீ "இன்னும் போகலை" என்றபோது, "ஒழுங்கா துடைக்கத் தெரியலை உனக்கு" என்று பழியை உன் மேலேயே போட்டேன். "பிள்ளை பெத்தா டாக்டர் ஆயிடுவியா?" என்று நீ கேட்டாய். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதக் கை வரவில்லை. உனக்கு மறந்திருக்காது.

போ அண்ணா. அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 11

டிகிரி மேடத்துக்கு எட்டாவது எழுதிக்கொள்வது.

நீ எழுதக் கூசிய பதிலை நான் எழுதுகிறேன். "எட்டாவதோட நின்னவனுக்கு என்ன தெரியும்?" சரிதானே? எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்.

எனக்கு ஒன்றும் இல்லை. வலி இல்லை, எரிச்சல் இல்லை, ரத்தம் இல்லை. காரமாகச் சாப்பிட்டால் லேசாகச் சுரீர் என்கிறது. அது யாருக்குத்தான் இல்லை? அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பெட்டி வெட்டுகிறவனுக்கு விரல் பத்தும் மிச்சமிருப்பதே பெரிய காரியம். இதில் ஈறு வேறா?

உன் மருந்து மார்ச்சிலேயே தீர்ந்துவிட்டது. நானே இரண்டு பாட்டில் வாங்கினேன். காலி பாட்டிலைக் காட்டியதும் மருந்துக் கடைக்காரர், "குழந்தைக்கு எத்தனை மாசம் சார்?" என்றார். "முப்பத்தெட்டு வருஷம்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

கோபத்தில் மருந்தைத் தூக்கிப் போட்டிருப்பேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. சண்டை போட்ட அன்றுகூடப் போட்டேன். நீ சொன்னாய் என்பதால்தான் போட்டேன். அதை மட்டும் தெரிந்துகொள்.

உன் அண்ணியிடம் ஒன்றும் சொல்லித் தொலைக்காதே. அவள் தும்மலுக்கே ஆஸ்பத்திரியில் படுக்கை போடச் சொல்கிறவள். பாப்பாவுக்குப் பல் வந்துவிட்டதா?

அண்ணன்


ஆகஸ்ட் 16

அண்ணா,

கீழே இரண்டு வந்துவிட்டன. கடிக்கிறாள். நேற்று உன் மாப்பிள்ளையின் மூக்கு.

நீ சொன்னாய் என்பதால்தான் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபிறகு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். சண்டை போட்ட அன்றும் அந்தச் சொட்டு மருந்தை வாயில் விட்டுக்கொண்டு நீ படுத்திருப்பது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

எட்டாவது என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டால் தீராது என்று தெரியும். படித்த நான் என்ன கிழித்தேன்? டாக்டர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை முழுதாகக் கொண்டுவந்து உன்னிடம் சேர்க்க முடியவில்லை.

வலி இல்லை என்று சந்தோஷப்படாதே. டாக்டரை மறுபடி போய்க் கேட்டேன். இந்த மாதிரித் திட்டு பெரும்பாலும் வலிக்காதாம். வலிக்காததால்தான் ஆட்கள் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்களாம். வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று பார்: வெள்ளைக்கு நடுவே சிவப்புப் புள்ளி இருக்கிறதா, விரலால் தொட்டால் தடிப்பாக இருக்கிறதா, ஜனவரியைவிடப் பெரிதாகியிருக்கிறதா, கழுத்தில் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றாலும் போகத்தான் வேண்டும். இது பல காரணத்தால் வருமாம். சிலது ஒன்றுமே இல்லை, சிலது பிற்பாடு புற்றாக மாறும். எது எது என்று கண்ணால் சொல்ல யாராலும் முடியாதாம். அப்புறம் போன் வெளிச்சத்தில் பார்த்த நான் எந்த மூலைக்கு?

மாசக் கடைசிக்குள் போகவில்லையென்றால் அண்ணியிடம் சொல்லிவிடுவேன். சத்தியமாக.

இன்னொன்றும் உன்னிடம் கேட்க வேண்டும். வேண்டாம், முதலில் போய்விட்டு வா.

தங்கை


ஆகஸ்ட் 27

டிகிரி,

போய்விட்டு வந்தேன். நிம்மதியாக இரு.

பல் டாக்டர் சின்னப் பெண். உன் வயதுதான் இருக்கும். நாற்காலியில் படுக்கவைத்து, தலைக்கு மேலே மெஷின் ஹாலில் இருப்பது போல ஒரு லைட்டைப் போட்டு, "நல்லா ஆ காட்டுங்க" என்றார். காட்டினேன். வாயில் கண்ணாடி, குச்சி, பஞ்சு எல்லாவற்றையும் வைத்துவிட்டு அப்புறம்தான் கேள்வி கேட்கிறார்கள். எத்தனை மாதமாக இருக்கிறது, எரியுமா, சர்க்கரை உண்டா என்று. எல்லாவற்றுக்கும் "ஆங்", "ஊங்" என்றேன். அவருக்கு அது புரிகிறது. தனிப் படிப்பு படித்திருப்பார் போல.

வெள்ளையைப் பஞ்சால் அழுத்தித் துடைத்தார். வரவில்லை. பக்கத்தில் ஒரு கடைவாய்ப் பல் உடைந்து கூராக இருக்கிறதாம். அது கன்னத்தில் உரசி உரசியும் வெள்ளை விழுமாம், கையில் காய்ப்புக் காய்ப்பது போல. பல்லை ராவி மழுங்கடித்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் இருந்தால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். அதற்கு அவசியம் இருக்காது. பல்தான் காரணம்.

புகையிலை, பாக்கு, சிகரெட் ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லைதானே? பாப்பா பிறந்த அன்று அவள் காலைத் தொட்டுச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்.

இனி பயப்படாதே. மாப்பிள்ளை மூக்கு எப்படி இருக்கிறது?

அண்ணன்


செப்டம்பர் 1

அண்ணா,

இந்தக் கடிதத்தை நாலாவது தடவையாக எழுதுகிறேன். முந்தைய மூன்றிலும் நான் நல்லவளாக இருந்தேன்.

நீ டாக்டரிடம் பொய் சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்தே தெரியும்.

நீ வந்த இரண்டாம் நாள் உன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் பொட்டலம் இருந்தது. உள்ளே குட்டித் தலையணை மாதிரி ஏழு புகையிலைப் பைகள். எண்ணினேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். சட்டையைத் துவைத்தேன், காயப்போட்டேன், இஸ்திரி போட்டேன். பொட்டலத்தை அதே பையில் திரும்ப வைத்தேன். நீ சட்டையை மாட்டிக்கொண்டு பையைத் தொட்டுப் பார்த்ததைக் கதவு இடுக்கு வழியே பார்த்தேன்.

ஏன் கேட்கவில்லை என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் அசிங்கமாக இருக்கிறது. அந்தப் பத்து நாளும் நீதான் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாய். பிள்ளை பெற்ற இரண்டு மாதத்தில் அப்போதுதான் நான் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்கினேன். கேட்டால் சண்டை வரும், நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய். எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது அண்ணா. அவ்வளவுதான். என் தூக்கத்துக்காக உன் வாயைக் கண்டும் காணாமல் விட்டேன்.

இன்னும் இருக்கிறது. டாக்டர் இரண்டாவது பாதியைச் சொன்னபோது பாப்பா கத்தவில்லை. மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பாதியும் எனக்கு நன்றாகக் கேட்டது. அதற்கு அடுத்த வாரம்தான் நீ உதட்டை இழுத்துக் காட்டினாய். துணியால் துடைத்தேன். கொஞ்சம் வந்த மாதிரி இருந்தது என்று எழுதினேனே, ஒன்றுமே வரவில்லை. துணி வெறுமையாக இருந்தது. "பூஞ்சைதான், மருந்து தர்றேன்" என்றேன். பூஞ்சை என்று சொல்லிவிட்டால் பொட்டலத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை பார். நீயும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். உனக்கும் அதுதான் வசதியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்.

புகையிலை நாற்றத்தோடு பிள்ளையைத் தொடாதே என்று அண்ணிக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரியில் வைத்து உன்னைச் சத்தியம் பண்ண வைத்தவளும் நான்தான். நீ அதை விடவில்லை, ஒளிக்கக் கற்றுக்கொண்டாய். அந்தச் சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பாப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. உனக்குத்தான் ஆகும்.

எனக்கு நீ எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். அந்தச் சின்ன டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடு. எங்கே வைப்பாய், எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எத்தனை என்று. காரணம் தெரியாமல் அவர் உன் பல்லைத்தான் ராவிக்கொண்டிருப்பார்.

தங்கை


செப்டம்பர் 12

தங்கச்சி,

உன் கடிதத்தை இரண்டு தடவை கிழிக்கப் போனேன். முதல் தடவை கோபம். இரண்டாவது தடவை, உன் அண்ணி கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம். அந்த இரண்டாவதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்தெட்டு வயதில் பொண்டாட்டிக்குப் பயந்து கடிதத்தை அரிசி டப்பாவில் ஒளிக்கிறவன் என்ன ஆம்பளை? எடுத்துக்கொண்டு போய் அவள் கையிலேயே கொடுத்தேன்.

படித்தாள். மடித்துக் கீழே வைத்தாள். அப்புறம், "பத்தொன்பது வருஷமா பல்வலிக்கு கிராம்பு வச்சிருக்கேன்னு சொன்னியே, அந்தக் கிராம்பு இதுதானா?" என்றாள். "ஆமா" என்றேன். "எனக்கும் ஒண்ணு குடு, பல்லு வலிக்குது" என்று கையை நீட்டினாள். அதற்கு அடியே வாங்கியிருக்கலாம்.

பத்தொன்பது வருஷம்தான். ஃபேக்டரிக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது, எங்கே பார்த்தாலும் காகிதம். வாய்க்குள் என்ன இருக்கிறது என்று எந்த சூப்பர்வைசரும் பார்ப்பதில்லை. இடது பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டால் ஒரு ஷிப்ட் ஓடிவிடும். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு. பாப்பா காலைத் தொட்டுச் சொன்ன அன்று ஆஸ்பத்திரி வாசல்வரைதான் தாங்கினேன். வாசலில் வைத்து ஒன்று போட்டேன்.

ஏப்ரலில் பாப்பாவுக்கு மூச்சு இளைக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று போன் பண்ணினாயே, அன்று முழுக்க மெஷினில் பெட்டியைக் கோணலாகவே வெட்டினேன். நான் சொன்ன பொய்தான் அவள் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே அடுத்ததையும் எடுத்து வாயில் வைத்தேன். இதை யாரிடம் சொல்வது?

ஒன்பதாம் தேதி இருவருமாகப் போனோம். பல்லை ராவி இரண்டு வாரம் ஆகியும் வெள்ளை அப்படியே இருந்தது. இந்தத் தடவை வாயைத் திறக்குமுன் சொல்லிவிட்டேன், திறந்துவிட்டால் "ஊங்"தான் வரும். டாக்டர் திட்டவில்லை. கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "நீங்களே பாருங்க" என்றார். வெள்ளை சரியாக அந்தப் பை அளவுக்கு, அது உட்கார்ந்த சாய்வில் இருக்கிறது. அச்சு வைத்து வெட்டின மாதிரி. என் தொழிலே அதுதான், எனக்கு வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை. மேல் ஓரத்தில் கடுகு அளவு சிவப்பு. அதைப் பார்த்ததும் டாக்டர் இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார். மரக்க ஊசி போட்டு, துளி சதை எடுத்து, ஒரு தையல் போட்டார். முடிவு வர இரண்டு வாரம் ஆகும்.

மன்னித்துவிட்டேன் என்று என்னை எழுதச் சொல்லாதே. பொட்டலத்தைத் திரும்ப வைத்தாயே, அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தங்கச்சி எவ்வளவு நல்லவள் என்று நினைத்தேன். நீ கேட்டிருந்தால் விட்டிருப்பேனா என்றால், அதுவும் இல்லை. உன்னிடம் கத்திவிட்டுக் கிளம்பியிருப்பேன். நீ கணக்குப் போட்டது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் அவமானம்.

போன் பண்ணாதே. உன் அழுகை கேட்டால் நான் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். எழுது.

அண்ணன்


செப்டம்பர் 16

அண்ணா,

மன்னிக்க வேண்டாம். வயிறு எரியட்டும். நீ எனக்குச் செய்த எதையும் நான் இனி உரிமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே, நீ எப்போது வருவாய் என்றும் நினைக்கிறேன்.

பகலெல்லாம் ஓட்டிவிடுகிறேன். பாப்பா வாயைத் திறந்து சிரிக்கும்போதுதான் முடியவில்லை. சிரிக்கிற குழந்தையின் ஈறைச் சோதிக்கிற அம்மாவாகிவிட்டேன். நேற்று உன் மாப்பிள்ளை, "அவளை விடு, சிரிக்கட்டும்" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

ஏப்ரலில் அவளுக்கு வந்தது சளி. எங்கள் மாடியில் எல்லாக் குழந்தைக்கும் வந்தது. உன் பொய்யால் இல்லை. இதை நூறு தடவை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.

டாக்டரிடம் எனக்காக ஒன்று கேள். கேட்க எனக்குத் தகுதி இல்லை, இருந்தாலும் கேள். ஜனவரியிலேயே வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா?

தங்கை


செப்டம்பர் 26

தங்கச்சி,

புற்று இல்லை.

இதை முதலில் எழுதச் சொன்னது உன் அண்ணி. இனி மீதி.

ஒன்றுமில்லை என்றும் சொல்வதற்கில்லை. செல்கள் லேசாக மாற ஆரம்பித்திருக்கின்றனவாம். மூன்று படி இருந்தால் முதல் படியில் நிற்கிறேன். புகையிலையை அடியோடு விட்டால் இறங்கி வரலாம், வராமலும் போகலாம். கூடவே பூஞ்சையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், அதற்குத் தனியாக மருந்து கொடுத்திருக்கிறார். ஆறு வாரம் கழித்துப் பார்த்து, வெள்ளை குறையவில்லையென்றால் திட்டை முழுதாக எடுத்துவிடுவார்கள். எடுத்தாலும் மறுபடி வரலாம். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போட்டோ எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "எத்தனை வருஷத்துக்கு டாக்டர்?" என்று கேட்டேன். "உங்களுக்குப் பல் இருக்கிற வரைக்கும். பல்லு போனாலும் வாங்க, ஈறு இருக்கும்ல?" என்றார். சின்னப் பெண்தான், வாய் நீளம்.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். கையுறையைக் கழற்றிவிட்டு, "அது யாராலயும் சொல்ல முடியாதுங்க. அந்தச் சிவப்புப் புள்ளி அப்போ இருந்துதான்னே தெரியாதே" என்றார். உனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. மாற்றி எழுதலாமா என்று யோசித்தேன். நாம் இரண்டு பேரும் மாற்றிச் சொன்னதெல்லாம் போதும்.

விட்டு இன்றோடு பதினேழு நாள். மெஷின் ஹாலில் இரண்டாவது மணி நேரம்தான் கொடுமை. நாக்கு தானாக இடது பக்கம் போய்த் தேடுகிறது. உன் அண்ணி ஏலக்காய் கொடுத்து அனுப்புகிறாள். பக்கத்து மெஷின்காரன், "என்னண்ணே, வாய் இப்படி மணக்குது, வீட்ல ரெண்டாவது கல்யாணமா?" என்கிறான்.

பாப்பாவின் பல் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு.

அண்ணன்

இந்தக் கடிதத்தை ஒட்டித் தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். போடாமல் திரும்பி வந்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒன்று வைத்தேன். பக்கத்து மெஷின்காரன் தானாகக் கொடுக்கவில்லை, நானேதான் அவனிடம் கேட்டு வாங்கினேன். மூன்று நான்கு நிமிடம் இருக்கும். துப்பிவிட்டு வாயை ஏழெட்டுத் தடவை கொப்பளித்தேன். வீட்டுக்குப் போனதும் உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். காலையில் ஏலக்காய் மட்டும் சட்டைப் பையில் இருந்தது.

மேலே இருக்கிற பதினேழை நான் அடிக்கவில்லை. படிக்கும்போது நீயே அடித்துவிடு. இன்றைக்கு நாள் ஒன்று.